ஒன்பது ஆக்சிஜன்

மனைவி இறந்து பதினாறாம் நாள் தபால்காரர் மறுபடி வேலைக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு வரும் கடிதக் கட்டை ஆசிரியர் அறையின் நடு மேசையில் வைத்துவிட்டு எப்போதும்போல் உடனே கிளம்பாமல் அங்கேயே நின்றார். அறையில் கெமிஸ்ட்ரி டீச்சர் மட்டும்தான் இருந்தாள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஒரு நிமிஷம்" என்று சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். "இதைக் கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. நானும் படிச்சிட்டேன். ஊர்க் கடுதாசியெல்லாம் கொண்டு போய்க் கொடுக்கிறேன், எனக்குன்னு ஒண்ணு வந்தா எழுத்துதான் தெரியுது, அர்த்தம் ஏற மாட்டேங்குது."

காவல் நிலையத்திலிருந்து வந்த அழைப்பு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு ஆஜராக வேண்டும். அவருடைய மாமனார் புகார் கொடுத்திருந்தார். மகளை மருமகன் கொடுமைப்படுத்தினான், அவள் விஷம் குடித்திருக்க வேண்டும், அல்லது அவனே கொடுத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

டீச்சர் இரண்டு தடவை படித்தாள். "டாக்டர் மாரடைப்புன்னுதானே சொன்னாரு?"

"மொதல்ல அப்படித்தான் சொன்னாரு. இருபத்தேழு வயசுல என்ன மாரடைப்புன்னு அவங்க அப்பா கேட்டாரு. அப்புறம் உடம்பை அறுத்துப் பார்த்தாங்க. ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்களாம். அது வர மாசக்கணக்காகுமாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை, மிஸ். அவ அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு லீவு எழுதிக் கொடுக்க மறந்துட்டேன். 'நீங்க எப்பவும் இப்படித்தான்'னா. நானும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். போன் பண்ணினேன், எடுக்கல. கோவம்னு நினைச்சேன். மத்தியானம் மனசு கேட்காம வீட்டுக்குப் போனேன். குளியலறை உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. தண்ணி ஓடுற சத்தம் கேட்டுது. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் கதவை உடைச்சோம்."

டீச்சர் பேனாவை மூடினாள்.

"சுவர்ல சாஞ்சு உட்கார்ந்திருந்தா. முகம் செக்கச்செவேல்னு இருந்துச்சு, மிஸ். செத்தவங்க வெளிறிப் போவாங்கன்னுதானே சொல்வாங்க? இவளுக்குக் கன்னம் ரெண்டும் ரோஸ் நிறத்துல இருந்துச்சு. டாக்டர் வர்ற வரைக்கும் உயிர் இருக்குன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கும் உள்ளே போன கையோட தலை கிறுகிறுன்னு வந்துடுச்சு. அதிர்ச்சின்னு சொன்னாங்க."

கன்னத்தின் நிறத்தை அவர் சொன்னபோதே டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் கேட்டாள். "குளிக்க வெந்நீர் எப்படிப் போடுவீங்க?"

"கேஸ் கெய்சர் இருக்கே. உங்க தம்பிதான் வந்து மாட்டிக் கொடுத்தாரு. அவ போறதுக்குச் சரியா எட்டு நாள் முன்னாடி. அவளுக்கு அதுல அவ்வளவு சந்தோஷம்."

"குளியலறைக்கு உள்ளேயா மாட்டினான்?"

"உள்ளேதான். சிலிண்டர் மட்டும் வெளியே. ரப்பர் குழாய் மேல் துவாரம் வழியா வருது."

"எவ்வளவு பெரிய குளியலறை?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இப்படி நின்னா ரெண்டு சுவரும் தட்டும்."

"இப்பவும் அதுலதான் குளிக்கிறீங்களா?"

"ஆமா. உடைச்ச கதவை இன்னும் சரி பண்ணல. சும்மா சாத்தி வைக்கக்கூட முடியாது. திறந்து போட்டுட்டுத்தான் குளிக்கிறேன். வீட்ல யாரு இருக்கா பார்க்க?"

"அப்படியே திறந்தே இருக்கட்டும்" என்றாள் டீச்சர்.

"ஏன் மிஸ்?"

அந்த ஒரு நொடியில் அவளால் சொல்லியிருக்க முடியும். தம்பியின் முகம் குறுக்கே வந்தது. "சும்மாதான். ஈரம் காயட்டும்" என்றாள்.

அவர் காகிதத்தைப் பழையபடி நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போனார்.

அடுத்த வகுப்புக்கு அவள் போகவில்லை. பரிசோதனைக் கூடத்தைத் திறந்து, ஒரு தாளை எடுத்து, இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை மரத்துப்போன சமன்பாட்டை எழுதினாள். சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் முழுதாக எரிந்தால்:

2C₄H₁₀ + 13O₂ → 8CO₂ + 10H₂O

இரண்டு பியூட்டேனுக்குப் பதின்மூன்று ஆக்சிஜன். கார்பன் எட்டுக்கு எட்டு, ஹைட்ரஜன் இருபதுக்கு இருபது, ஆக்சிஜன் இருபத்தாறுக்கு இருபத்தாறு. பிறகு அதன் கீழே இன்னொன்று எழுதினாள். அந்தச் சின்ன அறையில் பதின்மூன்று கிடைக்காமல் ஒன்பது மட்டும் கிடைத்தால்?

2C₄H₁₀ + 9O₂ → 8CO + 10H₂O

இதுவும் சரியாக வந்தது. எட்டுக்கு எட்டு, இருபதுக்கு இருபது, பதினெட்டுக்குப் பதினெட்டு. ஒரு அணுகூட உதைக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு இருந்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு வந்திருந்தது. நிறமில்லாதது, வாசனையில்லாதது, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுப்பது. ரத்தத்தை அது இன்னும் சிவப்பாக்கும். அதனால்தான் கன்னம் அப்படி.

மற்ற கணக்கு பத்து நிமிட வேலை. ஐந்தடிக்கு ஆறடி, உயரம் எட்டடி. ஏழாயிரம் லிட்டர் காற்று. அந்த அளவு கெய்சர் ஒழுங்காக எரிய நிமிடத்துக்கு இருநூறு லிட்டர் காற்று வேண்டும். முப்பத்தைந்து நிமிடத்தில் அறை முழுதும் காலி. ஆனால் கடைசி லிட்டர் வரைக்கும் தீ பொறுத்திருக்காது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலேயே மூச்சுத் திணற ஆரம்பித்துவிடும், விஷத்தைக் கக்க ஆரம்பித்துவிடும். தலைக்குக் குளிக்கிற பெண் அவ்வளவு நேரம் உள்ளே இருப்பாள்.

மேல் துவாரம் மட்டும் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. அதைத் தம்பியிடம்தான் கேட்க வேண்டும்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே குருவி என்றுதான் பெயர். வாய் ஓயாது. இப்போது முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா, கெய்சரும் அடுப்பும் மாட்டிக் கொடுக்கிற கடைக்குச் சொந்தக்காரன். இன்னும் கடைத்தெருவில் குருவி என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் போன பிறகு அக்காதான் அவனுக்கு எல்லாம். அவனுக்காக அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மையில்லை. ஆனால் அவள் அதை மறுத்ததும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குப் போனாள். ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய கடை. சுவர் முழுக்கக் கெய்சர் பெட்டிகள், கொக்கியில் ஆரஞ்சு நிற ரப்பர் குழாய்ச் சுருள்கள். அவன் முக்காலியில் உட்கார்ந்து கேஸ் வரும் பித்தளை நாசில் ஒன்றை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

"என்னக்கா இது அதிசயம்! நீ கடைக்கு வந்துட்டே, இன்னைக்கு மழை கொட்டப் போகுது பாரு. உட்காரு, உட்காரு. அந்தப் பெட்டி மேல உட்காராத, அது இன்னும் டெலிவரி ஆகல."

"தபால்காரர் வீட்டுக் குளியலறையில மேல் துவாரத்தை என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேனா? அது கண்ணாடிப் பட்டை வச்சது. குழாய் கொண்டு போக ரெண்டு பட்டையைக் கழற்றினேன். அந்தம்மா குளிர் காத்து வருதுன்னு சொன்னாங்க. சரின்னு பிளைவுட் வெட்டி அடிச்சு, சுத்தி பட்டி பூசி, வெள்ளை அடிச்சுக் கொடுத்துட்டேன். நீ போய்ப் பாரேன், துவாரம் இருந்த இடமே தெரியாது. அவ்வளவு நீட்டா…" அவன் நிறுத்தினான். "ஏன் கேட்கிற?"

"புகை போக ஏதாவது குழாய் வச்சியா?"

"சின்ன மாடலுக்கு எதுக்குக்கா?"

அவள் சொன்னாள். கன்னத்தின் நிறத்தையும், உள்ளே போனவருக்குத் தலை சுற்றியதையும், ஏழாயிரம் லிட்டரையும் சொன்னாள். அவன் நாசிலை விரல்களுக்கிடையே உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"சும்மா பயமுறுத்தாதே. நாற்பது வீட்டுல மாட்டியிருக்கேன். ஒருத்தரும் சாகல."

"ஒருத்தங்க செத்துட்டாங்கடா."

அவன் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"நீதானே சொன்ன" என்றான்.

"என்ன சொன்னேன்?"

"லைசென்ஸ் பரீட்சைக்கு நீதானே சொல்லிக் கொடுத்த? ஆறு வருஷம் முன்னாடி, உன் வீட்டுல உட்கார்ந்து. மீத்தேன், புரோப்பேன், பியூட்டேன்னு ஒண்ணொண்ணா சமன் பண்ண வச்ச. முதல்ல கார்பன், அப்புறம் ஹைட்ரஜன், கடைசியா ஆக்சிஜன்னு மந்திரம் மாதிரி ஒப்பிச்சேன். அப்போ நான் கேட்டேன். 'பதிமூணு ஆக்சிஜன் இல்லேன்னா என்னக்கா ஆகும்?'னு கேட்டேன். நீ என்ன சொன்ன? 'அது பரீட்சையில வராது, முழு எரிதல் மட்டும் போட்டாப் போதும், மண்டையைக் குழப்பிக்காத'ன்னு சொன்ன."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நினைவு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசை, அவன் கடித்து வைத்திருந்த பென்சில் முனை, மறுநாள் பரீட்சை, அவளுக்குத் தாங்க முடியாத தூக்கம். அவன் கேட்டது நல்ல கேள்வி. அவளிடம் படித்த பிள்ளைகள் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் மகிழ்ந்து போய் ஒரு மணி நேரம் பேசியிருப்பாள்.

"சொன்னேன்" என்றாள்.

அவன் எதிர்பார்த்தது சண்டை. அது கிடைக்காததில் தடுமாறிப் போனான். "போலீசுக்குப் போகப் போறியா?"

"தெரியல. அவரைத் திங்கட்கிழமை கூப்பிட்டிருக்காங்க. பொண்டாட்டியைக் கொன்னுட்டார்னு சொல்றாங்க."

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குக்கா."

"அவருக்கு யாருமே இல்லடா."

அவள் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கேட் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால் தம்பி நின்றான். தோளில் ஸ்பேனர் பை, கையில் அழுக்கேறிய நோட்டு. கண்கள் வீங்கியிருந்தன.

"நோட்டை முழுக்கப் பார்த்துட்டேன்" என்றான். "தபால்காரர் வீடு போக முப்பத்தொன்பது வீடு. அதுல குளியலறைக்கு உள்ளேயே மாட்டினது பதினாலு. அந்தப் பதினாலுல ஏழு வீட்ல துவாரத்தை நானே அடைச்சிருக்கேன். அழகா." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது உதடு கோணியது. "நீயும் வா. நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான். டீச்சர் சொன்னா நம்புவாங்க."

ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். முதல் வீட்டில் ஒரு கட்டட மேஸ்திரி. தட்டிய சத்தத்துக்கு இடுப்பில் துண்டும் தலை நிறைய நுரையுமாக வந்து கதவைத் திறந்தார்.

"என்னப்பா குருவி, ஆள் பாதிக் குளியல்ல நிக்கிறேன்."

"அண்ணே, கெய்சரைக் கழற்றணும்."

"நல்லா எரியுறதை எதுக்குக் கழற்றுற?"

"கம்பெனியில திரும்பக் கேட்கிறாங்க" என்றான் தம்பி. நுரை கண்ணில் இறங்க, மேஸ்திரி கம்பெனியின் ஏழு தலைமுறையையும் வைதபடி பச்சைத் தண்ணீரில் தலையை அலசப் போனார்.

வெளியே வந்ததும் டீச்சர் அவனைத் தடுத்து நிறுத்தினாள். "இப்படிப் பொய் சொன்னா அவரு நாளைக்கு வேற ஆளை வச்சு அதே இடத்துல மாட்டிக்குவாரு. திரும்பிப் போய் உண்மையைச் சொல்லு."

"அக்கா…"

"போடா."

போனான். மேஸ்திரி கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். சிரிப்பு நின்றதும், "போன வாரம் உள்ளே கால் மடங்கி விழுந்தேன். வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். தம்பியைத் திட்டவில்லை. அவர் ஈரத் தலையோடு வாசலில் நின்று இவர்கள் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தம்பி எல்லா வீட்டிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னான். "நான் தப்பா மாட்டிட்டேன். இதுல குளிச்சா உயிர் போயிடும்." ஒரு வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். டீச்சர் வாசலிலேயே நின்று, சன்னல் வழியாக, கார்பன் மோனாக்சைடு என்றால் என்ன என்று அரைமணி நேரம் தொண்டை வறளச் சொன்ன பிறகு திறந்தார்கள். இன்னொரு வீட்டில், "உன்னை உள்ளே தள்ளினாத்தான் புத்தி வரும்" என்றார் ஒரு பெரியவர். "சரிங்க" என்றான் தம்பி, திருகாணியைக் கழற்றியபடியே.

ஐந்தாவது வீட்டில் ஒரு இளம்பெண், இடுப்பில் எட்டு மாதக் குழந்தையுடன் கதவைத் திறந்தாள். நெற்றியில் தலைவலித் தைலம் மினுங்கியது. விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது.

"மூணு வாரமா தலைவலி" என்றாள் மெதுவாக. "கண்ணாடி மாத்தினேன், மாத்திரை போட்டேன். இவனைக் குளிப்பாட்டிட்டு வந்தா எனக்குக் குமட்டும். இவன் அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குவான். மூணு மணி நேரம், நாலு மணி நேரம். எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டான். என் பிள்ளை மாதிரி சமத்து எங்கேயும் இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

தம்பி குளியலறை வரை போனான். சுவரில் அவன் கையாலேயே அடித்துப் பட்டி பூசி வெள்ளையடித்த பலகையைப் பார்த்தான். அப்படியே திரும்பி வெளியே ஓடி, வாசல் படியில் குனிந்து வாந்தி எடுத்தான். டீச்சர் முக்காலி போட்டு ஏறி, அவன் பையிலிருந்த உளியால் அந்தப் பலகையைத் தானே பெயர்த்தாள். பட்டி உதிர்ந்து அவள் புடவையில் விழுந்தது. வெளிக்காற்று உள்ளே வந்தது. குழந்தை கையை ஆட்டிச் சிரித்தது.

"ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க" என்றாள் அந்தப் பெண்ணிடம். "குழந்தையையும் காட்டுங்க. கேஸ் கெய்சர் புகைன்னு தெளிவா சொல்லுங்க."

தபால்காரர் வீட்டுக்குப் போகும்போது மாலை நான்கு மணி. அதைக் கடைசியாக வைத்தது இரண்டு பேருமே பேசாமல் செய்துகொண்ட ஏற்பாடு. அவர் வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

"அண்ணே" என்றான் தம்பி. அன்று முழுக்கச் சொன்ன வாக்கியம் வாயில் வரவில்லை. "உங்க வீட்டுக்காரங்க… அந்தக் கெய்சராலதான் போனாங்க. நான் மாட்டினதாலதான். துவாரத்தை அடைச்சது நான்தான்."

தபால்காரர் டீச்சரைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"புரியலையே. தீ நல்லாத்தானே எரிஞ்சுது? கேஸ் வாடையே இல்லையே?"

"வாடை இருக்காதுங்க" என்றாள் டீச்சர். "தீக்குக் காத்து பத்தலைன்னா வேற ஒரு வாயு வரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும்."

அவருக்கு வார்த்தை போதவில்லை, பார்க்க வேண்டும் என்றார். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கெய்சர் பற்றிக்கொண்டதும் வெளியே வந்தார்கள். உடைந்த கதவை நிமிர்த்தி நிலையில் பொருத்தி, சந்துகளில் துணியைத் திணித்தான் தம்பி. தாழ்ப்பாள் பிய்ந்த இடத்தில் கோலி அளவு ஓட்டை இருந்தது. தபால்காரர் அதில் கண்ணை வைத்தார். "நீலமா எரியுது" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து மறுபடி, "நீலமாத்தான் இருக்கு." தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பதினோராவது நிமிடத்தில் அவர் தோள் விறைத்தது.

"மஞ்சளாகுது. முனையில மஞ்சளாகுது… தீ ஆடுது, மிஸ்."

"கண்ணை எடுங்க. தள்ளி வாங்க."

தம்பி வெளியே ஓடிச் சிலிண்டரை மூடினான். முன் கதவு, பின் கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்து, மூன்று பேரும் முற்றத்தில் நின்றார்கள். தபால்காரர் கேட்டார்.

"அப்போ அவ விஷம் குடிக்கல?"

"இல்லீங்க."

"என்மேல இருந்த கோவத்துல…"

"இல்லீங்க. குளிச்சுக்கிட்டிருந்தாங்க. தலை சுத்தியிருக்கும். கொஞ்சம் உட்காரலாம்னு உட்கார்ந்திருப்பாங்க. அவ்வளவுதான்."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பதினேழு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை. பிறகு எழுந்து வந்து தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இரண்டாவது அறைக்குக் கை உயர்ந்தது, ஆனால் இறங்கவில்லை.

"திங்கட்கிழமை என்கூட வர்ற" என்றார்.

"இப்பவே வர்றேன், அண்ணே."

டீச்சர் முன்னால் வந்தாள். "நானும் ஒண்ணு சொல்லணும். நேத்து நீங்க ஏன்னு கேட்டப்போ, ஈரம் காயட்டும்னு சொன்னேன். அப்பவே எனக்குத் தெரியும். தம்பிக்காக மறைச்சேன். இவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது, காத்து பத்தலைன்னா என்ன ஆகும்னு கேட்டான். பரீட்சையில வராது, விடுன்னு சொன்னவளும் நான்தான்."

தபால்காரர் உள்ளே போனார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வீட்டைப் பூட்டினார்.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்து தபால்காரரைக் காப்பாற்ற வந்திருக்கிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். டீச்சர் மேசை மேல் இருந்த தாளை இழுத்து இரண்டு சமன்பாடுகளையும் எழுதினாள்.

"மேடம், எனக்குப் பத்தாவதுலேயே இது வராது" என்றார் அவர்.

"இதுல பதிமூணு. இதுல ஒன்பது. நாலு குறைஞ்சதால ஒரு உயிர் போச்சு. அனுப்பியிருக்கிற ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு இருக்கான்னு தனியா பார்க்கச் சொல்லி எழுதுங்க. விஷம்னு மட்டும் எழுதினா அவங்க வேற எதையாவது தேடுவாங்க."

அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார். தம்பியின் வாக்குமூலத்தையும் எழுதினார். டீச்சர் தன் பங்கையும் எழுதச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு பாடத்தை விட்டுட்டீங்கன்னு எழுதச் சொல்றீங்க. அதுக்குச் செக்‌ஷன் எதுவும் இல்லையே, மேடம்."

"இருந்தா எழுதுவீங்களா?"

"இல்லாததை நான் எங்கே போய்த் தேடுறது?" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஐந்து வாரம் கழித்து அறிக்கை வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுதான். மாமனார் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு நாள் மருமகன் வீட்டு வாசல் வரை வந்து, கூப்பிடாமல் நின்று, அவர் வெளியே வருவதற்குள் திரும்பிப் போய்விட்டாராம். தபால்காரர் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். டீச்சரிடமும் சொன்னார். "வர்றேன், மிஸ்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று அவள் பல நாள் யோசித்தும் பிடிபடவில்லை.

குழந்தையும் தாயும் தேறிவிட்டார்கள். தம்பி தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதையும், மற்ற வீடுகளில் கழற்றியதையும் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார். லைசென்ஸ் போனது. ஒரு வருடச் சிறை.

தம்பியின் மனைவி நீதிமன்ற வராந்தாவில் வைத்து டீச்சரிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். "கூடப் பிறந்தவனை ஸ்கூட்டர்ல பின்னால உட்கார்ந்து கூட்டிட்டுப் போய் மாட்டி விட்டுட்டீங்களே, அண்ணி. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" டீச்சரிடம் பதில் இருந்தது. ஒரு நாள் பொறுத்திருந்தால் அந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவள் இழந்ததற்கு அது ஈடாகாது என்று தோன்றியது. அதன் பிறகு தம்பி மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பார்வை நாள். சிறைக்கு ஒரே பஸ்தான். காலை எட்டு மணிக்கு இருவரும் அதே நிறுத்தத்தில் ஏறுவார்கள். தம்பி மனைவி முன்னால் போய் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிடுவாள். டீச்சர் பின்னால் கடைசி வரிசைக்குப் போவாள். உள்ளே தனித்தனியாகப் பார்ப்பார்கள். முதல் மூன்று மாதமும் தம்பி அதிகம் பேசவில்லை. குருவி என்று அவனை அங்கே யாருக்கும் தெரியாது, எண்தான். நான்காம் மாதம், கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, சமையல் கூடத்துல என்னைப் போட்டிருக்காங்க. போன உடனே ரெண்டு சன்னலையும் திறக்க வச்சேன். பூச்சி வருதுன்னு வார்டர் கத்துறாரு" என்றான். சிரிக்கப் பார்த்தான். பாதியில் நின்றுவிட்டது.

ஐந்தாவது மாதம் டீச்சர் வழக்கம்போல் பஸ்ஸில் ஏறினாள். அன்று கூட்டம் இல்லை. இடம் நிறைய இருந்தது. அவள் பின்பக்கம் நகரும்போது தம்பி மனைவி, திரும்பிப் பார்க்காமலே, பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

"பின்னால வெயில் அடிக்கும்" என்றாள் தம்பி மனைவி, சன்னலைப் பார்த்துக்கொண்டே. "உட்காருங்க."

டீச்சர் உட்கார்ந்தாள். ஒன்றேகால் மணி நேரப் பயணம்.